பாகம் வரவில்லை

சோஹாரில் ஆகஸ்ட் வந்தால்
சுவருக்கும் வியர்க்கும்.
ஏசி மெக்கானிக் நான்.
எந்த எந்திரத்தின் வியர்வை
எந்தக் குழாய் வழியே எங்கே சொட்டும் என்று
இந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் அறையின் சொட்டு
பாமாயில் டின்னில் விழும்படி
குழாயை வளைத்துவிட்டேன்.
டின்னில் மண்.
மண்ணில், நூறு பைசாக் கட்டில்
சமையலுக்குத் தப்பிய மூன்று புதினாத் தண்டுகள்.

புதினாவுக்குக் கூச்சம் கிடையாது.
கணுவுக்குக் கணு காலூன்றி
விளிம்பைத் தாண்டி
சிமெண்டு வெடிப்புக்குள் இறங்கி
பக்கத்து வீட்டாரையும் விசாரித்துவிட்டு வந்தது.
குளிர்காலத்தில் ஏசிக்கு ஓய்வு,
செடிக்குத் தாகம்;
அப்போது மட்டும் அரிசி களைந்த தண்ணீர்.

பெலவேந்திரன் சுலைமானியில் போடுவான்.
மொஃபிஸுல் வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியில்.
நான் கசக்கி
கம்ப்ரஸர் ஆயில் வீசும் விரலை
மோந்துகொள்வதோடு சரி.

சட்டம் ஒன்றே ஒன்று:
பூக்க விடக்கூடாது.
பூத்தால் இலை கசக்கும், தண்டு விறகாகும்.
நுனி தடித்தால் கிள்ளு.

ஏப்ரலில் துக்ம் ஆலைக்கு
ஷட்டவுன் வேலைக்கு அனுப்பினார்கள்.
நாற்பது நாள் கழித்து வந்தால்
டின் முழுக்க ஊதாக் கதிர்கள்.
"கெட்டுப்போச்சு, தொடல" என்றான் பெலவேந்திரன்.
கத்தரிக்கோலோடு குனிந்தேன்.

கதிருக்கு நாலைந்தாய்க்
கொம்புத் தேனீக்கள்.
செம்பட்டை வயிறு, எள்ளளவு அவசரம்.
என் நிழல் விழுந்ததற்கு
ஒன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் புகார் வந்தது:
மூன்றாம் எண் வீடு, ஹால் ஏசி, குளிர் இல்லை.
ஏணி வைத்து ஏறினேன்.
வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே
செம்புக் குழாயைக் கட்டிக்கொண்டு
உள்ளங்கை அகலத்தில் ஒரு அடை.
காற்றாடி சுழன்றால்
அந்தச் சூட்டில் மெழுகு நிற்காது.

இறங்கி வந்து
புகார்ப் புத்தகத்தில் எழுதினேன்:
பாகம் வரவில்லை.

மேடம் ஸொஹைர், எகிப்து,
பள்ளியில் கணக்கு டீச்சர்.
படுக்கையறை ஏசி ஓடுகிறது,
ஆனாலும் தினமும் மாலையில் வாசலில் நிற்பாள்:
"புக்ரா?"
"இன்ஷா அல்லா, புக்ரா."
ஆறாம் நாள்
வாய் கூசி
ஒரு கட்டுப் புதினா கொண்டுபோனேன்.
எல்லாம் பூத்த தண்டுதான்.
தேநீரில் போட்டுக் குடித்துவிட்டு
"கசக்கிறது" என்றாள்,
மீதியையும் குடித்தாள்.

பொய் சொல்ல முடியாமல்
ஜன்னலைத் திறந்து காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள்.
"முஸத்தஸ்."
எனக்குத் தெரிந்த அரபியில்
அது கைத்துப்பாக்கி.
பயந்துபோய்
"ஃபுலூஸ் வேண்டாம் மேடம், நானே சரிபண்றேன்" என்றேன் தமிழில்.
அவள் சிரிக்கவில்லை.
ஜன்னல் தூசியில் விரலால்
ஆறு பக்கம் வரைந்தாள்,
ஒட்டி இன்னொன்று,
ஒட்டி இன்னொன்று.
அதற்குப் பிறகு மாலையில்
வாசலில் நின்றாள்,
புக்ரா கேட்கவில்லை.

சூப்பர்வைசர் கல்ஃபான் கேட்டார்.
பாகம் வரவில்லை.
எந்தப் பாகம்?
சின்னப் பாகம்தான் சார், சீனாவிலிருந்து.

ஜூன் வெக்கையில் கதிர்கள் காய்ந்தன.
ஒரு காலை ஏறிப் பார்த்தால்
ஒன்றுமில்லை.
காலியான அடை மட்டும்
உலர்ந்த காது மாதிரி,
தட்டினால் உதிரும்.
அதை எடுக்காமல்
கேஸ் நிரப்பினேன்.
காற்றாடி சுழன்றது,
மெழுகு தானே உருகிக் குழாயில் வழிந்தது.
சொட்டத் தொடங்கிவிட்டது
மூன்றாம் எண்ணும்.

டின்னில் விறகான தண்டுகளை
இரண்டு விரற்கடை விட்டு அறுத்தேன்.
நாலாம் நாள் மொஃபிஸுல்
வெங்காயம் நறுக்கியபடியே
"வந்திருச்சு, வந்திருச்சு" என்று கத்தினான்,
மிளகளவு பச்சையைப் பார்த்து.

புகார்ப் புத்தகத்தில் எழுதினேன்:
பாகம் வந்தது. வேலை முடிந்தது.
வாடிக்கையாளர் கையொப்பம் என்ற இடத்தில்
மேடம் எழுதினாள்:
தாமதம், பத்தொன்பது நாள்.
சம்பளத்தில் ஐந்து ரியால் பிடித்தார்கள்.
நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பதுதான்.